பேர வெட்டிடாதீங்க

தினேஸ்வரி ஈப்போவில் முதல் நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்தபோது, செல்லாயி என்றொரு பெயரை அழைத்தார்கள். யாரும் எழவில்லை. அவள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில், விடியற்காலைப் பெரட்டில், வேலைக்கு வந்த ஆட்களைக் கணக்கெடுக்கப் பெயர் கூப்பிடும்போது, வராதவருக்காகப் பக்கத்து ஆள் குரல் கொடுப்பது வழக்கம். தினேஸ்வரியும் கொடுத்தாள்.

“வந்துகிட்டு இருக்காங்க அக்கா, பேர வெட்டிடாதீங்க.”

செல்லாயி வரவேயில்லை.

இரண்டாம் தேர்வன்று தாப்பாவிலிருந்து அவள் வந்த பேருந்து வழியில் பழுதாகிவிட்டது. முருகனை நினைத்துக்கொண்டு ஓடிவந்தும் ஒரு மணி நேரம் தாமதம்.

“பயப்படாதலா,” என்றார் பெயர் கூப்பிடும் அக்கா. “அங்க உக்காந்திருந்த செல்லாயிதான், ‘தங்கச்சி வந்துகிட்டு இருக்கு, பேர வெட்டிடாதீங்க’ன்னு சொன்னாங்க.”

வேலை கிடைத்தது. செல்லாயிக்கு நன்றி சொல்லப் போனாள். அக்கா காட்டிய நாற்காலியில் யாருமில்லை. கீழே, பால்வெட்டுக்காரர் யாரோ வாளியை வைத்து எடுத்ததுபோல, ரப்பர் பால் வெள்ளை வட்டமாக இன்னும் ஈரமாயிருந்தது.