ஈரல் தட்டு

குதிரையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சமீதின் அளந்துகொண்டிருந்தான். மூன்றாவது கிண்ணம் புளித்த குதிரைப்பால் உள்ளே போயிருந்தது.

பெண் கேட்டு வந்திருக்கிறான். அந்தப் பெண் ஜிபார், அவன் குதிரையைப் பிடித்துக் கட்டப் போனவள், இன்னும் வந்து உட்காரவில்லை. வந்தவரே தன் குதிரையைக் கட்டினால் நாரின் என்கிற அந்த மலைப் பகுதியில் அந்த வீட்டுக்குத்தான் அசிங்கம்.

“குதிரை வளர்க்கிறவனுக்கு லீவே கிடையாது மாமா. விடிஞ்சதும் குளம்பைத் தூக்கிப் பார்த்துரணும். சேணத்தைக் கழட்டினா முதுகைத் தடவிப் பார்க்கணும். வேர்வை அடங்குறதுக்குள்ள தண்ணி காட்டினீங்க, அப்புறம் குதிரையே இல்ல!”

சம்பந்தமே பேசி முடியவில்லை, அதற்குள் மாமா. ஜிபாரின் அப்பா ஓர்மொன் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

அங்கே சம்மதத்தை வாயால் சொல்வதில்லை. ஆட்டு ஈரலும் வால்கொழுப்பும் ஒரே தட்டில் வந்தால் பெண் உனக்கு. வெறும் டீயோடு முடிந்தால் வந்த வழியே போகலாம்.

ஏற்கெனவே இரண்டு வீட்டில் சமீதினை டீயோடு அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் இந்த முறை தாத்தாவின் வெள்ளிப்பூண் சேணத்தை எடுத்து, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து துலக்கியிருந்தான்.

ஜிபார் உள்ளே வந்தாள். அடுப்பிலிருந்த வெந்நீரைத் தூக்கிக்கொண்டு போனாள்.

ஆடு வேகப்போகிறது! சமீதின் குரலை உயர்த்தினான். வெளியே இருப்பவளுக்கும் கேட்க வேண்டாமா?

மறுபடி வந்து உப்பு ஒரு கை அள்ளிப் போனாள். அவனுக்கு வாயூறியது.

மூன்றாம் முறை வந்து கத்தியை எடுத்தாள். ஈரல் நறுக்கத்தான், வேறெதற்கு? மனசுக்குள் கல்யாணத்துக்கு ஆள் கூப்பிடவே ஆரம்பித்துவிட்டான்.

“குதிரையும் பெத்த பிள்ளையும் எனக்கு ஒண்ணுதான் மாமா.”

கடைசியில் துணி மூடிய தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவள் விரலெல்லாம் பச்சை மருந்துக் கறை. அதையெல்லாம் பார்க்க அவனுக்கு ஏது நேரம்? இரண்டு கையாலும் முகத்தைத் தடவிக் கடவுள் பேரைச் சொல்லித் துணியை விலக்கினான்.

சேணத்துக்கு அடியில் போடுகிற கம்பளியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு. புண்ணோடு ஒட்டிக் காய்ந்துபோனதை ஊறவைத்து வெட்டி எடுத்திருந்தாள். சீழும் குதிரை மயிரும் அதிலேயே இருந்தன. பக்கத்தில், குளம்பிலிருந்து நெம்பி எடுத்த ஒரு கல்.

“மாப்பிள்ளையைப் பத்தி நல்லா விசாரிச்சுட்டேன்ப்பா,” என்றாள் ஜிபார். “கூடவே இருக்கிற ஆளையே கேட்டுட்டேன்.”

ஓர்மொன் அப்போதுதான் வாயைத் திறந்தார். “புண்ணு ஆற ஒரு மாசமாகும். குதிரை இங்கேயே இருக்கட்டும் தம்பி.”

வெளியே வெள்ளிப்பூண் சேணத்தைச் சுமந்துகொண்டு ஒரு கழுதை நின்றது.

சமீதின் ஏறி உட்கார்ந்தான். இரண்டு காலும் தரையில் உரசின. கொஞ்சம் தள்ளிப் புல் மேய்ந்துகொண்டிருந்த குதிரை, தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.