இன்னொரு படம் அனுப்பவும்

காலை ஆறு மணிக்கே அவர் கணினி முன் உட்கார்ந்துவிட்டார். முகம் தெரியாதவர்கள் இணையதளத்தில் போடும் பூச்சிப் படங்களைப் பார்த்து, இன்ன இனம் என்று சொல்வது அவர் வழக்கம்.

"இதென்ன, சிலந்தியா?" என்றாள் மனைவி.

"இல்ல. சிலந்திக்கு இடுப்பு உண்டு. இது ஒரே உருண்டை, எட்டு நெட்டைக்கால்."

'முதுகு தெளிவாக இல்லை. அளவு தெரிய விரலைப் பக்கத்தில் வைத்து இன்னொரு படம் அனுப்பவும்' என்று தட்டினார்.

"நேத்தும் இதையேதான் கேட்டீங்க. பாவம், ஏன் இழுத்தடிக்கிறீங்க? பேரைச் சொல்லித் தொலைங்களேன்."

"சொல்லிட்டா அப்புறம் படம் வராது."

படம் வந்தது. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். சுவரில் பூச்சி, பக்கத்தில், நுனி கோணிய சுண்டுவிரல். கார் கதவில் நசுங்கி, அவளே கட்டுப்போட்டுவிட்ட விரல்.

"நம்ம பாப்பாவா?"

"நேத்து வந்த படத்துலயே விரலைப் பார்த்துட்டேன். மூணு வருஷமா ஃபோனை எடுக்காதவ. இங்க நான் புனைபேர்லதான் எழுதறேன். அப்பான்னு தெரிஞ்சா இதுவும் நின்னுடும்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சின்ன வயசுல இதை அவ கையில ஏறவிட்டு, பேரைச் சொல்லிக்குடுத்ததே நீங்கதானே? தெரியாமலா அவ கேக்கறா?"