கழற்றி வைத்த காது மெஷின்

பீன்யா ஃபேக்டரி இரைச்சலில் சுந்தரமூர்த்தியின் காது மந்தமாகிவிட்டது. காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினையும் அடிக்கடி கழற்றி வைத்துவிடுவார். அதைத் துடைத்து, பேட்டரி மாற்றுவதெல்லாம் மனைவி தமயந்தி வேலை.

"மறுபடியும் கழட்டிட்டீங்களா?" என்று அவர் காதருகே கத்தினாள்.

"மாட்டினா நீ அழற சத்தம் கேக்குது."

"நான் எங்க அழறேன்? திட்டத்தானே செய்றேன்!"

எரிச்சலோடு புது பேட்டரி போட்டுத் தன் காதிலேயே மாட்டிப் பார்த்தாள். குக்கர் விசில் கேட்டது. பிறகு, அவள் வாயைத் திறக்காமலேயே, அவளுடைய அழுகுரல் கேட்டது.

"என்னங்க, கண்ணத் தொறங்க."

அதே மெஷினுக்குள் பக்கத்து வீட்டுப் பார்கவி கன்னடத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

எதிரே அவர் காபியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

தமயந்தி பேட்டரியை உருவினாள். அப்போதும் மெஷினில் அழுகை நிற்கவில்லை. மெஷினையே பிடுங்கி எடுத்தாள்.

"இனிமே இது வேணாங்க. நான் கத்தியே பேசறேன்."

"என்ன?" என்றார் அவர்.