ஒரு வரிகூட மாறாமல்

"ஒரு வரி மாறக்கூடாது, சொல்லிட்டேன். சின்ன வயசுல எங்கம்மா எனக்காக எழுதின கணக்கு விளையாட்டு" என்றான் கணவன்.

பழைய கணினி மொழியில் இருந்ததை மகளுக்காகப் புது மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்தாள் மனைவி. கணக்கு என்றாலே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிற மகள்.

"யாரைக் கொண்டு பிறந்தாளோ! நான் இதுல ஒரு தப்புகூட விட்டதில்ல. எப்பவும் 'சபாஷ்'தான்" என்றபடி குளிக்கப் போனான்.

அவள் மாமியாருக்குப் போன் போட்டாள். "அத்தை, விடை தப்புன்னா என்ன செய்யணும்னு நீங்க எழுதவே இல்லையே? எதைத் தட்டினாலும் சபாஷ்னு வருது!"

மாமியார் சிரித்தாள். "தப்புன்னு வந்தா அவன் கட்டிலுக்கடியில போய்ப் படுத்துப்பான்மா. பயம் விட்டாப் போதும்னு அப்படி எழுதினேன். அவன்கிட்ட சொல்லிடாதே."

கணவன் வேலைக்குக் கிளம்பி வந்தான். "மாத்தியாச்சா?"

"ஆச்சுங்க. ஒரு வரிகூட மாறல."

அவன் கட்டிலுக்கடியில் குனிந்தான். "வெளிய வாடா கண்ணு, தைரியமா விளையாடு. அப்பா காலேஜுல கணக்குப் புரொஃபசர் ஆனதே இந்த விளையாட்டாலதான்!"

"ஆமாம்" என்றாள் மனைவி, மனதார. "இதாலதான்."