ஒற்றைக் கவசம்

அண்ணன் இறந்து மூன்று மாதம் கழித்து, மரம் அறுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு மறுபடி வேலைக்குக் கிளம்பினான் தம்பி. அண்ணி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கையில் தடித்த கால் கவசம்.

"இதைப் போட்டுக்கிட்டுப் போங்க தம்பி."

"வேணாம் அண்ணி. இந்த வெயில்ல கால் வெந்து போயிடும்."

"வேகட்டும். மெஷின் நழுவினா தொடையை அறுத்துடும். உங்க அண்ணனைப் பறிகொடுத்தது போதாதா? இன்னும் என்ன வீம்பு?"

இத்தனை நாள் நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தது, அவனை மீறி வெளியே வந்துவிட்டது.

"வீம்பு இல்ல அண்ணி. அண்ணன் கையில மெஷின் நழுவின அன்னைக்கு எங்க ரெண்டு பேருக்கும் இது ஒண்ணுதான் இருந்துச்சு. வேலை ஆரம்பிக்கிறப்போ அண்ணன் இதை எனக்கு மாட்டிவிட்டுட்டு, வெறும் கால்சட்டையோட மெஷினைப் பிடிச்சாரு. இது அவர் கால்ல இருந்திருந்தா, இன்னைக்கு அவர் இங்க நின்னிருப்பாரு. உங்க முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது?"

அண்ணி அவன் முன்னால் உட்கார்ந்து, கவசத்தைக் காலில் சுற்றி வார்களை ஒவ்வொன்றாக இறுக்கினாள்.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றாள் நிமிராமலே. "இதை உங்களுக்குப் போட்டுவிடச் சொல்லி, அன்னைக்குக் காலையில அவர்கிட்ட சண்டை போட்டதே நான்தான்."