புதுத் தொட்டிக்கு மொத மீனு

ஒரு புது வீட்டு ஹால்ல, குடி வர்றதுக்கு முன்னாடியே, ஆளு நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வச்சாங்க. உப்புத்தண்ணி ஊத்தி, கடல்பாறைய அடுக்கி, ஒரு மாசம் சும்மா போட்டுட்டு, ஒரே ஒரு நீல மீன உள்ள விட்டாங்க.

பாறைப் பொந்துல ஒளிஞ்சு வந்திருந்த நண்டு ஒண்ணு எட்டிப் பாத்துச்சு. "என்ன தம்பி, இம்புட்டுப் பெரிய எடத்துல நீ மட்டும்?"

"நமக்கு மரியாத அப்படிண்ணே."

"மரியாதயா? போன வாரம் இந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துல மொதல்ல உள்ள வந்தது ஒரு மாடு. அது இப்ப சோபாவுலயா உக்காந்திருக்கு?"

மீனு வெடுக்குனு பொந்துகிட்ட நீந்தி வந்துச்சு. "என்னண்ணே சொல்றீங்க?"

"தண்ணி நல்லாருக்கான்னு பாக்கத்தான் உன்ன விட்டிருக்காங்க. நீ ஜம்முனு நீந்துனா, உன்னத் தூக்கிட்டு வெல கூடின மீன விட்டுருவாங்க."

அன்னையிலேருந்து வீட்டுக்காரரு மொகம் கண்ணாடிகிட்ட வந்தாப் போதும், மீனு ஒருக்களிச்சுப் படுத்துக்கும். அவரு தண்ணிய சோதிச்சுப் பாத்தாரு, ஒரு கொறையும் இல்ல. அப்புறம் பாறைய ஒரு மாதிரியாப் பாத்தாரு. பொந்துக்குள்ள ரெண்டு கண்ணு தெரிஞ்சுது.

"மீனக் கடிக்கிற களவாணி நீதானா"ன்னு இடுக்கிய உள்ள விட்டாரு.

இடுக்கியில தொங்கிக்கிட்டே நண்டு கெஞ்சுச்சு. "டேய் தம்பி, நான் உன்னக் கடிக்கலன்னு எந்திரிச்சு ஒரு ரவுண்டு நீந்திக் காட்டுடா."

மீனு அசையவே இல்ல. "அவரு இன்னும் பாத்துக்கிட்டே இருக்காருண்ணே"ன்னு படுத்தபடிக்கே முணுமுணுத்துச்சு.