சம்மட்டியின் மேல் செட்டு

"கையைக் கட்டிடவா?" என்று பல் டாக்டர் கேட்டபோது சம்மட்டிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் தலையை ஆட்டினான்.

எத்தனையோ பேருடைய தாடையைப் பெயர்த்த கை அது. லாரி கம்பெனி முதலாளி கண்ணைக் காட்டினால் போதும், எதிரே நிற்பவன் யார் எவர் என்று பார்க்காமல் இறங்கிவிடுவான். பல் டாக்டர் நாற்காலியில் மட்டும் சின்னப் பிள்ளையாகிவிடுவான்.

"பயத்துல கையைத் தூக்கிடுவீங்க. தாடை எலும்புல துளை போடுறப்ப அசைஞ்சா ஆபத்து" என்றபடி இரண்டு மணிக்கட்டையும் பட்டையால் இறுக்கினார் டாக்டர். "புதுப் பல்லைத் தாங்குற ஸ்க்ரூ உள்ள இறங்கி எலும்போட ஒட்டிக்கிச்சுன்னா அப்புறம் கவலையே இல்ல. பல்செட்டு மாதிரி வழுக்கிட்டு வராது."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் வந்திருந்தான். முன்பொரு அடிதடியில் எவனோ கடப்பாரையால் வாயிலேயே போட்டதில் பல் மொத்தமும் போயிற்று. இதே டாக்டர்தான் செட்டு செய்து கொடுத்தார். ஈறு வற்ற வற்ற மேல் செட்டு லொடலொடவென்று ஆட ஆரம்பித்தது. பசை வைத்துப் பார்த்தான், நிற்கவில்லை. 'டேய்!' என்று உறுமினால் செட்டு உதட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தது. அவன் தொழிலுக்கு இது ஆகுமா?

"கீழ் செட்டு மட்டும்தான் இருக்கு. மேல் செட்டு எங்க?"

"பஸ் ஜன்னல் வழியா எச்சில் துப்பினேன் டாக்டர். அதோட போயிடுச்சு."

பொய். அது போனது லாரி ஷெட்டில்.

டிரைவர்களுக்காகக் கேஸ் போட்ட இளம் வக்கீல் ஒருவனை மிரட்டி அனுப்பச் சொல்லியிருந்தார் முதலாளி. மிரட்டினால் போதும் என்றுதான் சொன்னார். சம்மட்டி அவன் மூக்கில் ஒரு குத்து விட்டு, சட்டையைக் கொத்தாகப் பிடித்து உறுமினான். செட்டு நழுவி உதட்டில் தொங்கியது.

மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக ஒழுக வக்கீல் சிரித்துவிட்டான். "முதல்ல பல்லைப் பிடிங்கண்ணே, அப்புறம் என்னைப் பிடிக்கலாம்."

சம்மட்டிக்குக் கண் மண் தெரியவில்லை. கைக்குக் கிடைத்த ஜாக்கிக் கம்பியால் தோளில் ஒன்று, மண்டையில் ஒன்று. சாய்ந்தவன் விடவில்லை. எழும்பி இவன் முகத்தைப் பிறாண்டினான், வாயைப் பிடித்து இழுத்தான். அவன் அடங்கும் வரை கம்பி இறங்கியது. மூச்சு வாங்க நிமிர்ந்தபோதுதான் வாய் காலியாக இருப்பது தெரிந்தது. தேட நேரமில்லை. வெளியே ஆள் அரவம். ஓடிவிட்டான்.

பார்த்தவர் யாரும் இல்லை. மற்றதை முதலாளி பார்த்துக்கொள்வார். பல் ஒன்றுதான் குறை. ஆனால் வந்து பார்த்தால் கிளினிக் பூட்டிக் கிடந்தது. எதையும் கடிக்க வழியில்லாமல் கரைத்துக் குடித்தே நாளைத் தள்ளினான்.

"இத்தனை நாளா எங்க டாக்டர் போயிட்டீங்க? தினமும் வந்து பூட்டைப் பாத்துட்டுப் போனேன்."

"வீட்டுல கொஞ்சம் வேலை வந்துடுச்சு. நீங்க எப்படியும் வருவீங்கன்னு தெரியும்."

டாக்டர் நர்ஸைச் சாப்பிடப் போகச் சொன்னார். கதவைத் தாழிட்டார். வாய் மூடாதபடி கடைவாயில் ரப்பர் கட்டையைச் செருகினார். நாற்காலி பின்னால் சாய்ந்தது; சம்மட்டியின் கால்கள் தலைக்கு மேலே போயின.

டிரில் உய்ங்கென்று சுற்றத் தொடங்கியது. மரத்துப்போகப் போடும் ஊசி மூடி திறக்காமல் தட்டிலேயே கிடப்பதை அப்போதுதான் அவன் கவனித்தான். ஏதோ கேட்க முயன்றான். தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. மணிக்கட்டை உதறினான். பட்டை அசையவில்லை.

டாக்டர் அவன் நெற்றியை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்தார்.

"பஸ்ல போகலடா. செத்துக் கிடந்த என் தம்பி கைக்குள்ள இருந்துச்சு."